கதவு திறக்கும் இடம்

பெப்ரவரி 17, செவ்வாய்

இல்லை, பாட்டை நிறுத்திய இடத்தில் நான் வினாடிகளை எண்ணவில்லை. எண்ணியதுபோலத் தெரிந்ததாம். "உன் புருவம் எண்ணுகிறது" என்றார் கிளாரினெட் ஆசிரியை. பனி. லோரன்ஸ் வீதி பஸ் பிந்தியது. விரல் சூடாகுமுன்னே வாசிக்கவேண்டியதாயிற்று.

சிக்கல் பாட்டின் நடுவில் வரும் மௌனம்தான். தனிக் கிளாரினெட், துணைக்குப் பியானோகூடக் கிடையாது. நான் நிறுத்தினால் அறையே நின்றுவிடும். எவ்வளவு நேரம் என்று இசையமைத்தவர் குறிக்கவில்லை. தேவையான அளவாம்.

இறுதித் தேர்வில் எதை வாசிப்பேன் என்று திங்களுக்குள் சொல்லவேண்டும். மௌனம் சரிவராவிட்டால் வேறு பாட்டு என்கிறார். இலகுவான ஒன்று. தேர்வில் சித்தியடைவதும் நிச்சயம். ஆனால் இதை விட மனமில்லை.

வாங்க: கிளாரினெட்டுக்கு ரீட், பால், சவர்க்காரம்.

பெப்ரவரி 19, வியாழன்

இந்தப் பாட்டுக்கு மூலமான கதையை மறுபடி படித்தேன். வேல்ஸ் நாட்டுப் பழங்கதை. கடல்கடந்த போர். தப்பி வந்தவர்கள் மிகச் சிலர். கடலோர மண்டபம் ஒன்றில் விருந்து. வெகுதொலைவில் மூன்று பறவைகள் பாடுகின்றன, பக்கத்தில் பாடுவதுபோல் கேட்கிறது. பிறகு ஒரு தீவு மண்டபம், அங்கே துயரம் நினைவிலேயே இல்லை. ஆண்டுகள் போகின்றன. ஒருவன், திறக்கக்கூடாத கதவைத் திறக்கிறான். இழந்தவர்கள் எல்லோரும் அன்றுதான் இறந்ததுபோல் ஆகிறது.

பாட்டில் மௌனம் வருவது அந்த இடத்தில். ஏன் திறந்தான்? சும்மா பார்க்கவா? நானென்றால் அன்றைக்கே திறந்திருப்பேன்.

அம்மா: "சனிக்கிழமை எங்கட ஊர்ச்சங்க ஒன்றுகூடலிலை உந்தப் பாட்டை வாசியன். ஆக்களுக்கு முன்னால பழகின மாதிரியும் இருக்கும்."

"உங்கட ஆக்களுக்கு அலுக்குமம்மா."

"நாங்கள் சங்கத் தலைவற்ர பேச்சையே தாங்கிற ஆக்கள், பிள்ளை."

பெப்ரவரி 21, சனி

அஜின்கோர்ட். பாடசாலை மண்டபம். பொரித்த ரோல்ஸ் மணம். மைக் வேலைசெய்யவில்லை. அதைத் திருத்தும் பதற்றத்தில் அறிவிப்பாளர் குகன் அங்கிள் விளக்கேற்றியதும் நேரே வரவேற்புரைக்குத் தாவிவிட்டார். போரில் இறந்தவர்களுக்கு எப்போதும் முதலில் செய்யும் மௌன அஞ்சலியை மறந்துபோனார்.

பக்கத்தில் இருந்த அன்ரி என் கருவியைப் பார்த்து: "உது நாதஸ்வரத்தின்ர தங்கச்சியோ? கலியாணத்துக்கும் வருவியோ?"

"உங்கட மகன்ர கலியாணத்துக்கு வாறன், அன்ரி."

"அவன் முதல்ல ஒருத்தியைக் காட்டட்டும்!"

என் முறை. குகன் அங்கிள்: "வேல்ஸ் நாட்டுச் சோகக்கதை. போரிலை செத்த ஆக்களைப் பற்றினது."

வாசித்தேன். பறவைகள் பரவாயில்லை. கதவு. நிறுத்தினேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு அந்த அன்ரி. பிறகு கதிரைகள் உராய, மண்டபம் முழுவதும். யாரோ ஒரு பிள்ளையை "உஸ்" என்றார்கள். எல்லாத் தலைகளும் குனிந்தன. தொடக்கத்தில் விடுபட்ட அஞ்சலி இதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

வாயில் கிளாரினெட். மூச்சு விடவும் பயம். ஹீட்டரின் இரைச்சல் மட்டும். குகன் அங்கிள் "நன்றி, அமருங்கோ" சொல்ல மைக்குக்கு வந்தார். என்னைப் பார்த்தார். சொல்லவில்லை.

தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அம்மா நிமிரவில்லை. காத்திருந்தேன். நிமிர்ந்தார். வாசித்தேன்.

கைதட்டல். குகன் அங்கிள்: "அருமை! அஞ்சலியும் முடிஞ்சுது. அடுத்தது சின்னாக்களின்ர நடனம்."

பெப்ரவரி 22, ஞாயிறு

வெயில், ஆனால் கடுங்குளிர். உடுப்பு மடிக்கும்போது கேட்டேன்.

"ஏனம்மா எழும்பினீங்கள்?"

"எல்லாரும் எழும்பினவை. நீயும் நிப்பாட்டினாய்."

"அது பாட்டிலேயே கிடக்கு."

"மெய்யோ? ஆக்கள் எழும்புவினம் எண்டு எழுதின மனிசனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஆரை நினைச்சனீங்கள்?"

"அண்ணாவை." ஒரு காற்சட்டையை மடித்து வைத்தார். "பிறகு அடுப்பை நிப்பாட்டினனோ எண்டு. பிறகும் அண்ணாவை."

போரில் இறந்த அந்த மாமாவைப் பற்றி இதுவரை நான் கேட்டதேயில்லை. என்ன பகிடி சொல்வார்? பாடுவாரா? நன்றாகப் பாடுவாராம், அம்மா சொன்னார். சுருதி மட்டும் சேராதாம்.

பெப்ரவரி 23, திங்கள்

பயிற்சி அறை. ஆசிரியை மட்டும். நிறுத்தினேன். எண்ணவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நினைவில் எங்கோ போய்விட்டார், யாரிடமோ. திரும்பி வரும்வரை மௌனத்தை நீளவிட்டேன்.

முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இலகுவானது வேண்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

தேர்வில் நடுவர்கள் மூன்று பேர் இருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் யார் இருக்கிறார்களோ. பார்க்க ஆசையாக இருக்கிறது.

இசைத்துறை அலுவலகத்தில் இந்தப் பாட்டின் பெயரைக் கொடுத்தேன். கீழே போய் ஒரு கோப்பி வாங்கினேன்.