உள்ளங்கால் மச்சமும் வெளிநாட்டு யோகமும்

ஜோகுபாளையம், பெங்களூரு
7ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள மகன் பாலகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீ, அனுஷா, குழந்தை அதிதி மூவரும் சுகம் என்பதை அனுஷா வைக்கும் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், அதையாவது எனக்கு மறைக்காமல் வைக்கிறாளே, அவளுக்குப் புண்ணியம். நீ மூன்று மாதமாகப் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். டப்ளினில் குப்பையைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டுமாமே, இது எந்தக் குப்பை என்று பார்ப்பதற்காவது உறையைக் கிழிப்பாய் என்று நம்பிக்கை.

பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொல்லி, விசாவும் வந்து, நீ டிக்கெட் போட்ட பிறகு மூட்டு வலி என்று நின்றுவிட்டேன் அல்லவா, மருமகளைப் பிடிக்காமல்தான் அம்மா நின்றுவிட்டாள் என்று நீயாக முடிவு கட்டினாய். என்ன மூளை. இன்ஜினியரிங் படிக்க வைத்தது வீண் போகவில்லை. எனக்கு மூட்டில் ஒன்றும் இல்லை. இடது குதிகாலில் புற்றுநோய். பதறாதே, முழுக்கப் படி.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் குதிகாலுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மா என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்காலல்லி மச்செ பந்த்ரெ ஃபாரின் கேரண்டி ரத்னம்மா என்று கையைத் தட்டினாள். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டுவார்கள் என்று நம் ஆட்களும் சொல்வதுதானே. ஏழெட்டு மாதத்தில் அனுஷா உண்டாகியிருக்கிறாள் என்று நீ போன் செய்தாய், கேட்க வேண்டுமா, சந்திரம்மா தெருவுக்கே ஜோசியக்காரி ஆகிவிட்டாள். புள்ளி படர்ந்து ஒரு ரூபாய்க் காசு அகலம் ஆனது, ஓரமெல்லாம் கோணல்மாணல், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. யோகம் வளருது பாரு என்று உன் அப்பா என்னைப் பாஸ்போர்ட் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அவர்களைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன அறிவாளியா? இருபத்தாறு வருடம் கார்மெண்ட்ஸில் செக்கிங் பார்த்தவள், காலரில் கடுகளவு கறை இருந்தாலும் சட்டையைத் தூக்கி எறிந்தவள், சொந்தக் காலில் அவ்வளவு பெரிய கறையை வைத்துக்கொண்டு அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பெரிய முட்டாள் இந்தத் தெருவில் இருந்தால் காட்டு.

ரத்தம் கசிய ஆரம்பித்ததும் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். பெயர் எழுதி அந்த ஆளுக்கு விளம்பரம் கொடுக்க மாட்டேன். சுவர் முழுக்க வெளுத்த முகங்களின் படம். அங்கிருந்த மகானுபாவர் என் காலைத் தொடக்கூட இல்லை, நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்துக் கால் ஆணி என்றார், ஏதோ குளிர்ந்த புகையை அடித்தார், போகும்போது முகத்துக்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். காலைக் காட்ட வந்தவளுக்கு முகத்துக்குக் கிரீம். அப்புறம் உன் ஊருக்குக் கிளம்பும் முன்னால் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில், பிரிஜெட் என்று ஒரு நர்ஸ், செருப்பைக் கழட்டுங்கம்மா, சுகர்காரங்க கால பாக்காம விடமாட்டேன் என்றாள். பார்த்தவள் முகம் மாறிவிட்டது. இது ஆணி இல்லம்மா, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று அவளே சீட்டு எழுதிக் கொடுத்தாள். படித்துப் பட்டம் மாட்டியவனுக்குக் குனிய முடியவில்லை, அவள் குனிந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே இருக்கும் டாக்டர் யூனிஸ், உனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். சதையைக் கிள்ளிச் சோதித்து மெலனோமா, தோலில் வரும் புற்றுநோய் என்று சொன்னாள். அது கடற்கரையில் படுத்துக் காயும் வெள்ளைக்காரர்களுக்கு வருவதாமே, என் குதிகால் எந்தக் கடற்கரையில் படுத்தது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நம்ம ஜனங்களுக்கு அபூர்வமாத்தான் வரும், வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கடியிலதான் ஜாஸ்தி, இதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்ல, யாரும் பாக்காததால லேட்டாத்தான் வர்றாங்க என்றாள். அவர்கள் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன், அத்தனை படமும் இளஞ்சிவப்புத் தோல், நம் நிறத்தில் ஒரு கால்கூட இல்லை. இத்தனை பேர் ஆராய்ச்சி செய்து கிழித்தது இவ்வளவுதானா என்று கேட்டதற்கு, அதனாலதாம்மா உங்க கால் வேணும் என்றாள். காலைப் படம் எடுத்துப் படிக்கிற டாக்டர்களுக்குக் காட்டுவார்களாம், வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களாம். பித்தவெடிப்போடு என் கால் திரையில் நிற்பதா, கல்லால் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று படத்தை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை ஃபிரேம் போட்டு அந்தக் கிளினிக் மகானுபாவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அதிதி பிறந்த வாரம்தான் ஆபரேஷன். குதிகாலில் தோண்டி எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளில் நோய் முதலில் எதற்குப் போகும் என்று பார்க்க ஒரு நீல மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் மூத்திரம் பச்சை நீலமாகப் போனதைப் பார்த்து உன் அப்பா மயங்கி விழப் பார்த்தார், நர்ஸ்கள் அவருக்கு நாற்காலி போட்டார்கள், நோயாளி யார் என்றே தெரியவில்லை. உனக்கு அப்போதே சொல்லியிருந்தால் பிள்ளை பெற்றவளைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். அதைவிட மருமகளைப் பிடிக்காத மாமியார் என்று பேர் வாங்குவது லேசு என்று நினைத்தேன். லேசாக இல்லை. அனுஷாவை எனக்குப் பிடிக்கும், உன்னைவிட அவள் பரவாயில்லை.

முதல் முடிச்சில் நோய் கொஞ்சம் இருக்கிறதாம். அதனால் நாலைந்து டாக்டர்கள் கூடிப் பேசி, பதினெட்டாம் தேதி வியாழக்கிழமையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வருடம் முழுக்க, டிரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியையே உசுப்பிவிடும் மருந்தாம். கேட்குமா என்று கேட்டேன். உள்ளங்கால்ல வர்றதுக்கு மத்ததவிடக் கம்மியாத்தான் கேக்குது, உறுதியா சொல்ல முடியாதும்மா, ஆனா விடக் கூடாது என்றாள் யூனிஸ். போகட்டும், பொய் சொல்லத் தெரியாத ஒரு டாக்டராவது எனக்குக் கிடைத்தாள். உன் அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வெளிச்சத்தில் என் இரண்டு காலையும் விரல் விரலாகப் பார்க்கிறார், முப்பத்தைந்து வருடத்தில் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் வீட்டில் பால் இருக்கும்போதே பால் வாங்கப் போய்விடுகிறார்.

நீயும் அனுஷாவும் குளிக்கும்போது உள்ளங்காலையும் நகங்களையும் பாருங்கள், குளிரில் சாக்ஸோடு குடித்தனம் நடத்துகிற ஊர் அது. மூவரும் நோய் நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் முகம் சுளிக்காமல் நிறைவாக இருங்கள், பேத்தியின் உச்சியில் எனக்காக ஒரு முத்தம் வை.

பாலா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசிக்கு இல்லை. இதை உன் அப்பாவிடம் சொன்னால் தாங்க மாட்டார், உன்னைத் தவிர சொல்ல எனக்கு ஆள் இல்லை. டிக்கெட் போட்டு ஓடி வர வேண்டாம். பதினெட்டுக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. கோபம் தீரவில்லை என்றால் திட்டுவதற்காவது கூப்பிடு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அம்மா
ஞா. ரத்தினம்மாள்