டெம்போயாக் துப்பிய முகம்

என் பாசமுள்ள மோகன் அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை மாக் சிக் கடையில் உட்கார்ந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்னத் தைல பாட்டில். தண்ணீர்க் குவளை வைக்கிற இடத்தில், என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியை மாக் சிக் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்.

அது எதற்கு என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ இருந்தபோது நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால் பாதியில் புகுந்து நீயே முடித்துவிடுவாய். இப்போது குறுக்கே பேச ஆள் இல்லை. அது எவ்வளவு மோசமாக இருக்கிறது தெரியுமா?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பாலத்தில் மழை, உன் மோட்டார், ஒரு லாரி. அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. ஒரு நாள் போகாமல் இருந்தேன், பிறகு ஒரு வாரம், பிறகு மொத்தமாக நின்றுவிட்டேன். அம்மா அழுதார். நீ மட்டும் தலைக்கவசத்தை என் மடியில் போட்டு, "ஒம்பதாவது மாடியில உக்காந்து பூசணம் புடிக்கப் போறியா? வா லா, சாப்பிடப் போவோம்" என்றாய். அந்த ஒரு வருஷத்தில் இந்தத் தீவில் நாம் ஏறாத கடை இல்லை. நீ கைப்பேசியில் படம் எடுப்பாய், பேசுவாய், சிரிப்பாய். நான் சாப்பிடுவேன். மற்றவர்கள் சாப்பிடுகிற, நம் வீட்டில் யாரும் தொடாத சாப்பாடு. அதுதான் நம்முடைய வீடியோ.

முதல் வீடியோவில் என் முகம் உண்மையான முகம். சீனர் கஞ்சிக் கடையில், வாரக்கணக்கில் பதப்படுத்திய அந்தக் கறுப்பு முட்டை. வெள்ளைக்கரு பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் சாம்பல் பச்சையாக ஏதோ வழிந்தது. கழிவறையை நன்றாகக் கழுவாமல் விட்ட நாற்றம். வாயில் வைத்ததும் என் நாக்கு தானாக வெளியே வந்தது. நீ அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "ஊமைச்சிக்கு மூஞ்சி மட்டும் எப்படிடி இவ்வளவு பேசுது?"

அந்த மூஞ்சியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அடுத்தது நொதித்த தோஃபு, சந்தைக்குப் பின்னால் ஓடும் சாக்கடை போல. அடுத்தது பெத்தாய் என்கிற நாற்றம்பிடித்த காட்டு அவரைக்கொட்டை போட்ட மிளகாய்ச் சம்பல். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்.

ஆனால் அண்ணே, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. மூன்றாம் முறை அந்தக் கஞ்சிக் கடைக்குப் போனபோது கறுப்பு முட்டையை நான் கேட்டு வாங்கினேன். பெத்தாய் எனக்குப் பிடித்துப்போனது. நீயும் அப்படித்தான். கேமராவை அணைத்த பிறகு தட்டை வழித்துத் தின்றது யார்? பிடித்ததை ஏன் பிடித்தது என்று சொல்லக்கூடாது என்று ஒரு தடவை கேட்டேன். "நீ ருசிச்சு சாப்பிட்டா யாரு லா பார்ப்பா? நம்ம அம்மாகூட பார்க்க மாட்டாங்க" என்றாய். நானும் சிரித்தேன்.

பிறகுதான் தீவின் அந்தப் பக்கத்து ஊர், பாலிக் புலாவ். டுரியான் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு முன்பக்கத்தில் நாலு மேசை போட்டு மத்தியானச் சோறு விற்கிற மலாய் அம்மா. நமக்கு அவர் பெயரே தெரியாது. எல்லாரும் கூப்பிடுவதுபோல மாக் சிக், அதாவது அத்தை, என்றே கூப்பிட்டோம். டுரியான் பழச்சுளையை உப்புப் போட்டு ஜாடியில் புளிக்கவைத்தால் அதுதான் டெம்போயாக். அதில் மீன் போட்டுக் குழம்பு வைப்பார். நாம் வருகிறோம் என்று நீ முதல் நாளே சொல்லி வைத்திருந்தாய். நாம் இந்துப் பிள்ளைகள் என்று மாட்டிறைச்சி சமைக்காத சட்டியாகப் பார்த்து அதில் தனியாகச் சமைத்திருந்தார். நமக்கு மட்டும் வாழையிலை வெட்டிப் போட்டார். "உங்க ஆளுங்க இலையில சாப்பிடுவாங்கதானே?" என்று மலாயில் கேட்டார்.

முதல் வாய் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நாற்றம் முதலில் மூக்கில் இடித்தது. அப்புறம் புளிப்பு, பின்னால் மெதுவாக ஒரு இனிப்பு, அதன் பின்னால் மிளகாய். நான் எதுவும் நினைக்காமல் இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டு போனேன்.

"கட், கட்," என்றாய் நீ. "என்னடி இது, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கே? மூஞ்சி எங்க?"

"நல்லா இருக்குண்ணே."

"நல்லா இருக்கட்டும். அப்புறமா தின்னு. இப்ப துப்பு."

நான் துப்பினேன். முகத்தைக் கோணி, கண்ணில் தண்ணீர் வரவைத்து, ஓங்கரித்து, தாளில் துப்பினேன். நன்றாகச் செய்தேன். அவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் மாக் சிக் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். வெந்நீர் கொடுத்தார். தைலத்தை எடுத்து என் பிடரியில் தேய்த்து, முதுகைத் தடவித் தடவி, "மாஃப், டிக், மாஃப்" என்று சொன்னார். மன்னித்துக்கொள் தங்கச்சி, மன்னித்துக்கொள் என்று. பதினேழு வயதுப் பெண்ணிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நான் குனிந்தபடியே இருந்தேன். நடிப்பு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வரவில்லை. நீ கேமராவை நிறுத்தவில்லை. பின்னால் உன் சிரிப்புக் கேட்கிறது.

அவர் உள்ளே போனதும் நீ மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாய்.

நாம் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். நீ போன பிறகு இன்னும் அதிகம். "அண்ணன் ஆன்மா சாந்தியடையட்டும்" என்று ஒருவர் எழுதுவார். அதற்கு அடியிலேயே இன்னொருவர், "அந்தக் கிழவி தேய்க்கிறத பாருங்க லா, செத்தேன்" என்று எழுதுவார். பெரியம்மா வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறார்கள். "சீ, அழுகினதெல்லாம் திங்கிறாங்க. நம்ம பிள்ளை வயித்துக்கு ஆகுமா?" என்கிறார் பெரியம்மா. அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்காத வாரம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் என் முன்னாலேயே ஓங்கரித்துக் காட்டுகிறார்கள். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

எனக்குக் குமட்டுகிறது. இப்போது நான் ஹோட்டல் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். யார் யாரோ படுத்த விரிப்பு, இரத்தம், வாந்தி, என்னென்னவோ. அதையெல்லாம் கையால் பிரித்துப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காலையில் பல் துலக்கிக் கண்ணாடி முன்னால் நுரையைத் துப்பும்போது அந்த முகம் தெரிகிறது. அதே கோணல். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு துப்புகிறேன்.

அழித்துவிடலாமே என்று நீ கேட்பாய். உன் கணக்குக்குள் போக எனக்குத் தெரியும். ஆனால் அம்மா இருக்கிறாரே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் சாயந்திரம் கொண்டுவந்து விட்டதும், அம்மா கால் கழுவி, நாற்காலியில் சாய்ந்து, அந்த வீடியோவைப் போடுவார். தினமும். மற்ற வீடியோவில் எல்லாம் நீ பேசுகிறாய். இதில்தான் நீ வாய்விட்டு, மூச்சு முட்டச் சிரிக்கிறாய். அதைக் கேட்டு அம்மாவும் சிரிக்கிறார். எட்டு மாதத்தில் அம்மா சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான். மாக் சிக் என் முதுகைத் தடவுகிற நேரமும் அதுதான்.

உன் கூட்டாளி ரூபன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். உன் பிறந்த நாளுக்கு ஒரு வீடியோ போட வேண்டுமாம். அதே கடை, அதே சாப்பாடு, அதே மூஞ்சி. "மோகனுக்காக லா. ஒரே ஒரு தடவை," என்றான். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் குரல் வேண்டாமே.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை போனோம். மாக் சிக்குக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கென்று வெள்ளைச் சோறும் பொரித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தார். "உனக்கு அது வேணாம், டிக். கஷ்டப்படாதே," என்றார். பிறகுதான் தைல பாட்டிலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "அண்ணன் எங்கே, அந்த வாயாடி?"

ரூபன் சொன்னான். அவர் எதிரே உட்கார்ந்துவிட்டார். "மூணு தட்டு சாப்பிட்டான்," என்றார்.

ரூபன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்திருந்தான். "மாக் சிக், அந்தக் குழம்பு கொஞ்சம் வைங்க. சும்மா வாயில வச்சா போதும்."

"இல்லை. இப்ப டெம்போயாக் விக்கிறதில்லை." அவர் ரூபனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். "அன்னிக்கு நீ அப்படி ஆனதும் ஜாடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரர் மோந்து பார்த்து நல்லா இருக்குன்னாரு. நான் நம்பலை. அந்தப் பருவத்துல போட்டது மொத்தத்தையும் ஆத்துல கொட்டிட்டேன். ஒரு பிள்ளைக்கு ஆகாதது இன்னொரு பிள்ளைக்கு ஆகுமா?"

அண்ணே, அப்போது எனக்கு உண்மையாகவே வாந்தி வந்தது. தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"மாக் சிக்," என்றேன். குரல் தேய்ந்து வந்தது, ஆனால் வந்தது. "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆகலை. நடிச்சேன். குழம்பு நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வாய் சாப்பிட இருந்தேன்."

ரூபன் கேமராவை இறக்கினான். மாக் சிக் திட்டவில்லை. பாட்டிலை எடுத்து, மூடியைத் தேடி எடுத்து, மெதுவாகத் திருகி மூடினார். பிறகு கேட்டார்: "அப்படின்னா நான் மன்னிப்புக் கேட்டப்போ ஏன் சும்மா இருந்தே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் ஏதாவது வேடிக்கை சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருப்பாய். நான் இப்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் "சோறு ஆறுது," என்று சொல்லி உள்ளே போனார். அந்த முட்டையையும் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். கறுப்பு முட்டையைவிட, நொதித்த தோஃபுவைவிட, இந்த உலகத்தில் நான் தின்ற எதையும்விட அதை விழுங்குவது கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்து நம் ஃபிளாட்டுக்குக் கீழே நின்றதும் ரூபன், "செத்தவன் பேரைக் கெடுத்துட்டே," என்றான். பிறகு அவனுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, "அம்மாவுக்கு வேணும்னா மோகன் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்துடலாம் லா," என்றான்.

அவனிடமிருந்து கற்றுக்கொண்டு நானே வெட்டிப் பார்த்தேன். படத்தை எடுத்துவிட்டேன், குரல் மட்டும். ஆனால் உன் சிரிப்புக்கு அடியில் அவர் குரல் கேட்கிறது. மாஃப், டிக், மாஃப். எங்கே வெட்டினாலும் கேட்கிறது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அண்ணே. என்னை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனது நீதான். மற்றவர்கள் சாப்பாட்டை வாயில் வைக்கக் கற்றுக்கொண்டது உன் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்துதான். அதே நீ என்னைத் துப்பச் சொன்னாய். ஆனால் துப்பியது என் வாய். யார் கேட்டாலும் எல்லாவற்றையும் உன் தலையில் போட மாட்டேன். இனிமேல் பிடித்ததைப் பிடித்தது என்றே சொல்வேன். பிடிக்காததை மெதுவாகத் தள்ளிவைப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நேற்றுச் சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். ஜாடியை ஆற்றில் கொட்டியது வரை சொன்னேன். அம்மா சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு வீடியோவைப் போட்டார். சத்தம் இல்லாமல் அம்மா அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நேரம் தடவிக்கிட்டே இருக்காங்க," என்றார்.

"ஆமாம்மா."

"அவன் சொல்லித்தான் செஞ்சியா?"

"ரெண்டு பேரும்தான்."

அம்மா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "இன்னிக்கு அழிக்காதே. ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன்." சத்தத்தைக் கூட்டினார். நீ சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. முடியும்வரை கேட்டார்.

இன்று விடிந்ததும் அம்மா வேலைக்குக் கிளம்பினார். எப்போதும் கையை விட்டு இறக்காத கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் மின்தூக்கிக்குப் போனார். கீழே பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். அப்புறம் உட்கார்ந்து, அந்தக் கைப்பேசியிலேயே உன் கணக்குக்குள் போய் வீடியோவை அழித்தேன்.

உன் கூடப் பிறந்த,
தங்கச்சி தர்ஷினி