தீக்குச்சிக்கு உருகுமா?

மரியே வாழ்க

மேனாம்பேடு,
16-1-1994

அன்புள்ள சகாயம்,

இதை எழுதுவது உன் வீட்டுக்காரன் கிறிஸ்துதாஸ். என் கையால்தான் எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் சாயங்காலம் அறிவொளி வகுப்பு நடக்கிறது. வசந்தகுமாரி டீச்சருக்கு நம் மகளைவிட வயது குறைவு. "தாத்தா, இன்னிக்கு அழகா எழுதிகீறீங்க" என்று அவர் சொன்னால் அன்று இரண்டு தோசை கூடுதலாக இறங்குகிறது. அறுபத்தேழு வயதில் பஸ் போர்டு படிக்கிறேன். இந்தக் கடிதத்தை நேற்று காலை தொடங்கினேன். நடுவில் சோறு வடித்தேன்.

உங்கள் கான்வென்ட் வேன் டிரைவர் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். செய்தித்தாளை உதறி உதறிப் பார்த்தேன். கடிதம் இல்லை. அரைவட்டமாக, கட்டை போலக் கனமாக ஒன்று இருந்தது. மேலே கறுப்பு, ஓரத்தில் செங்கல் நிறப் பட்டை, அடியில் பாலாடை நிறம். என்ன இது?

தெருவில் காட்டினேன். டீக்கடை சம்பத், "இன்னா நைனா, ஒட்டகக் குளம்பா?" என்றான். பூங்காவனம், "கொடைக்கானல் குளுருல வறட்டி இப்டித்தான் காயும் போல கீது" என்றாள். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் பக்தவத்சலம் தட்டிப் பார்த்து, "மரம்தான் மாமே. ஆனா எந்த மரமும் இல்ல" என்றான். பட்டறைக்கு எடுத்துப்போய் இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துக் கொடுத்தான். இப்போது மாதா படத்துக்குக் கீழே பளபளவென்று இருக்கிறது.

மூன்று வருடமாக நீ எழுதவில்லை. இனி எழுதலாம். நானே படிப்பேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துதாஸ்


மரியே வாழ்க

கொடைக்கானல்,
2-2-1994

அருள்செல்வி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு, சம்பத் எழுதியிருந்தால் இத்தனை அடித்தல் இருக்காது என்று தோன்றியது. சோறு வடித்த இடத்தில் கஞ்சிக் கறையும் இருந்தது. நம்பினேன்.

நான் ஏன் எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மகள் பிரசவத்துக்கு இங்கே வந்தபோது, உடம்பு முடியவில்லை, உங்களை நினைத்தால் அழுகை வருகிறது என்று எழுதினேன். சம்பத் அதை டீக்கடையில் உரக்கப் படித்தான். நான் ஊருக்கு வந்து இறங்கியதும், "அழாத ஆயா, நைனா இங்கதான் கீறாரு" என்றான். தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். மறுநாளே திரும்பினேன். மகள் குடும்பம் திருநெல்வேலிக்குப் போன பிறகும் இந்தக் கான்வென்ட் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன்.

நான் அனுப்பியது காளான். என் அறையை ஒட்டி நிற்கும் பைன் மரத்தில் முளைத்தது. உங்கள் காது மாதிரியே இருந்தது. அனுப்பலாம் என்று தோன்றியது. அதை யாரும் உரக்கப் படிக்க முடியாது அல்லவா?

அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. தாவரவியல் படித்த சிஸ்டர் லூர்து சொல்கிறார்: இது குடைக்காளான் போல வாடாது, அலமாரித் தட்டு மாதிரி மரத்தோடு ஒட்டிக் கட்டையாகிவிடும். அடியில் மடிப்பு இருக்காது, ஊசி குத்தியது போல் துளைகள்தான். பார்க்க ஒன்றுபோல இருக்கும் வகைகள் உண்டு. ஒரு வகையின் மேல்தோலில் தீக்குச்சியைக் காட்டினால் மெழுகு போல உருகும். ஊசியிலை மரங்களில் அதிகம் வருவது அது. வெளியே பச்சையாக நிற்கும்போதே உள்ளே மரத்தை மக்க வைத்துவிடுமாம். அதுதான் என்றால் மழைக்கு முன் மரத்தை வெட்டுவார்கள். என் அறையையும் இடிக்க வேண்டியிருக்கும். நான் எங்காவது போக வேண்டும்.

கைக்கு எட்டிய காளான் உங்களிடம் இருக்கிறது. இன்னொன்று உயரத்தில் இருக்கிறது. நீங்களே கொளுத்திப் பார்த்து எழுதுங்கள்.

சகாயம்மாள்


மரியே வாழ்க

மேனாம்பேடு,
20-2-1994

அன்புள்ள சகாயம்,

உன் கடிதத்தை இரண்டு நாள் படித்தேன். "குடு நைனா, ஒரு நிமிஷத்துல படிச்சிடறேன்" என்று சம்பத் கை நீட்டினான். சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அழுகை வருகிறது என்று நீ எழுதியதை இப்போதுதான் படிக்கிறேன். அன்று அவன் குரலில் கேட்டபோது அது யாருடைய கதையோ போல இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு தீக்குச்சியைக் காட்டினேன். கொப்புளித்து ~~உருகியது~~

அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அறை போகும், நீ வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன். பிறகுதான் வார்னிஷ் ஞாபகம் வந்தது. பக்தவத்சலத்தைக் கேட்டேன். "ரெண்டு கோட்டு அடிச்சிகீது, கொப்புளிக்காம இன்னா பண்ணும்? உன் செருப்புக்கு அடிச்சிக் கொளுத்து, அதுவும் கொப்புளிக்கும்" என்றான். வார்னிஷைச் சுரண்டினேன். தோலும் கூடவே வந்துவிட்டது.

அதனால் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதே. நீ வர வேண்டும் என்று இருப்பவன் கண்ணுக்குக் கல்லைக் கொளுத்தினாலும் உருகும். ஏணி வைத்து மற்றதைப் பார்க்கச் சொல். அதுவரை அந்தச் சுவரோரம் படுக்காதே.

கிறிஸ்துதாஸ்


மரியே வாழ்க

கொடைக்கானல்,
14-3-1994

அருள்செல்வி அப்பாவுக்கு,

சிஸ்டர் ஏணி வைத்து ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தோல் உருகியது, பிசின் மணம் வந்தது. அந்த வகையேதான். மரத்தில் துளை போட்டார்கள். பழுப்பாக, ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது. அடுத்த வாரம் வெட்டுகிறார்கள்.

எனக்கு வேறு அறை கொடுத்துவிட்டார்கள். காலை வெயில் விழுகிறது. வெந்நீர்க் குழாய்கூட இருக்கிறது. உயிர் உள்ளவரை இங்கேயே இருக்கலாம் என்று மதர் சொன்னார். ஆகவே நான் எங்கேயும் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

நீங்கள் அடித்த சொல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதை அப்படியே விட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். உங்களுக்கும் அது தெரியும்.

வெந்நீரில் ஒரு வாரம் குளித்துப் பார்த்துவிட்டேன். போதும். பெட்டி கட்டியாயிற்று. குருத்து ஞாயிறு அன்று காலை பாரிமுனையில் வந்து இறங்குவேன். நம் வீட்டுக்குப் போகும் பஸ் எது என்று நீங்கள்தான் போர்டு பார்த்து ஏற்ற வேண்டும்.

சம்பத்தை அழைத்து வர வேண்டாம்.

சகாயம்