மூன்றாம் நாள் தயிர்ச்சட்டி

இன்று காலை ஆய்வுகூடத்துக்கு ஒரு தயிர்ச்சட்டி வந்தது. வாயில் கட்டியிருந்த தாளை அவிழ்த்ததும் புகை ஏறிய பாலின் வாசம் எழுந்தது. விறகடுப்பில் காய்ச்சிய எருமைப் பாலின் வாசம். கையுறை மாட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் வேலை செய்கிறவள் என்னவென்று கேட்டாள். எருமைப் பால் என்றேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய், ஒன்பது மாதமாகிறது. அதற்குப் பிறகு இந்த வாசம் என் மூக்கில் பட்டது இன்றுதான்.

நீ இருந்திருந்தால் முதலில் சட்டியைத்தான் குறை சொல்லியிருப்பாய். சூளையில் சரியாக வேகவில்லை, தயிர் தண்ணீர் விடும் என்று முகத்தைச் சுளித்திருப்பாய். தயிர் விஷயத்தில் உனக்கு ஊரில் ஒருவரும் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் ஒரே வாங்கில் இருந்தோம். நான் விஞ்ஞானம் படிக்கப் போனேன். நீ கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குக் கலியாணம் முடித்துப் போய், எருமைப் பட்டிக்காரரின் மனைவியானாய். வயல்வெளி வட்டைக்குள் அவர் மாடு பார்ப்பார், வீட்டில் நீ பால் காய்ச்சுவாய். காணும்போதெல்லாம் என்னைச் சீண்டுவதற்கு ஒரு வசனம் வைத்திருந்தாய்.

"நீ பாலப் பிரிச்சிப் பாக்கிறாய். நான் சேத்துப் பாக்கிறன். ஆருட வேல பெரிசு சொல்லு?"

என் ஆய்வுகூடத்துக்கு வந்த அந்த நாள் நீ சீண்டவில்லை. பஸ்ஸில் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். கல்முனையில் உன் தயிரை எடுத்து விற்கும் கடைக்காரர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நீ எருமைப் பாலில் மாட்டுப் பால்மா கரைத்து ஊற்றுகிறாய் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். சட்டியின் மேல் ஒட்டும் தாளில் 'தனி எருமைத் தயிர்' என்று உன் கையாலேயே எழுதுகிறவள் நீ. வியாபாரம் போனால் இன்னொரு கடை பார்க்கலாம், பொய்காரி என்ற பேரோடு எந்தக் கடை வாசலில் போய் நிற்பது என்று கேட்டாய். வேறு பால் எதுவும் சேரவில்லை என்று ஆய்வுகூடத்துக் கடுதாசி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

வேறு ஏதாவது சேர்த்தாயா என்று முறைப்படி கேட்டேன். கோபம் வந்துவிட்டது உனக்கு. அல்லா அறிய ஒன்றும் சேர்க்கவில்லை என்றாய். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சோதனையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். உள்ளே விட முடியாது என்று கண்ணாடிக்கு வெளியே கதிரை போட்டு உட்கார வைத்தேன். பாலோடு சேர்ந்து மடியின் உயிரணுக்களும் கொஞ்சம் இறங்கி வரும், ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த மிருகத்தின் டிஎன்ஏ இருக்கும், எருமைக்கு வேறு, பசுவுக்கு வேறு என்று விளங்கப்படுத்தினேன். கொதிக்கக் காய்ச்சினாலும் அது அழியாதா என்று கேட்டாய். துண்டு துண்டாகும், ஆனால் வாசிக்கிற அளவுக்கு மிஞ்சும் என்றேன். உறைந்து புளித்த பிறகுமா? ஓம், புளித்த பிறகும்தான். நீ சட்டியைத் திரும்பிப் பார்த்தாய். தினமும் கைபட்ட பொருளை முதல்தரம் காண்பதுபோல் பார்த்தாய்.

"சுப்ஹானல்லாஹ்" என்றாய், மெதுவாக. "மாடு மேயப் போனாலும் அதுட பேரு சட்டிக்குள்ள இரிக்கி."

இந்த வேலைக்கு வந்து எத்தனையோ பேருக்கு இதை விளங்கப்படுத்தியிருக்கிறேன். எனக்கே அது விளங்கியது அன்று, உன் வாயால்.

மறுநாள் முடிவு வந்தது. திரையில் எருமைக்குரிய கோடு உயரமாக எழுந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, பசுவுக்குரிய கோடும் எழுந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் எழுந்தது.

உன்னை வரச்சொல்லிச் சொன்னபோது நீ அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் தடுமாறினேன். எருமை இருக்கிறது என்பது உண்மைதானே, அதை மட்டும் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளுக்குள் உன்னைச் சந்தேகப்பட்டுத்தானே அப்படிக் கேட்டேன்.

நீ என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாய்: "மறைச்சித் தந்தா நான் வாங்க மாட்டன்கா. உண்ட மெசினும் பொய் சொல்லல்ல, நானும் பொய் சொல்லல்ல. அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்டு இரிக்கி. அதத் தேடு."

படித்தவள் நான். தேடச் சொன்னவள் நீ.

வெளியே தேநீர்க்கடையில் பிளேன்டீ குடித்தபடி, அந்தச் சட்டி உறைந்த நாளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பால் வந்தது, வடித்தாய், காய்ச்சினாய், ஆறவைத்தாய், உறை ஊற்றினாய். உறை எது என்று கேட்டேன். கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் நாள் கலியாண வீட்டுக்காரர்கள் வந்து எல்லாச் சட்டியையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள், உறைக்கென்று எடுத்துவைத்ததையும் சேர்த்து. நீ ஒரு கிண்ணத்தோடு பக்கத்து ஆலையடிவேம்புக்குப் போய்க் கமலாக்காவிடம் உறைமோர் வாங்கி வந்தாய். உன் வீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் அவர் வீடு. அவர் வளர்ப்பது பசு.

பசுவின் கோடு அந்த உறைமோரோடு வந்தது. நம் பக்கத்தில் யார்தான் உறைமோரைச் சேர்த்த பொருள் என்று நினைக்கிறார்கள்? வாங்கினால் கடனில்லை, கொடுத்தால் கணக்கில்லை. இல்லை என்று சொல்லவும் கூடாது. தினமும் வீட்டில் உறை ஊற்றுகிற நானும் ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்ததும் அதை மறந்துபோனேன். பொய் சொல்லாமலேயே நீ ஒன்றும் சேர்க்கவில்லை என்று சொன்னாய்.

அந்தச் சட்டியிலிருந்து அடுத்த நாளுக்கும், அதிலிருந்து அதற்கடுத்த நாளுக்கும் உறை எடுத்திருந்தாய். மூன்று நாள் தயிரும் வீட்டில் இருந்தது. மூன்றையும் கொண்டுவந்தாய். கமலாக்காவும் ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தனுப்பியிருந்தார். என் பசுவால் அந்தப் பிள்ளைக்குப் பழியா என்று அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாய். இம்முறை உண்டா இல்லையா என்று பார்க்காமல், எவ்வளவு என்று அளந்தேன். முதல் சட்டியில் பசு ஒரு கரண்டி உறையின் அளவுதான். பால்மா கரைத்து ஊற்றியிருந்தால் அவ்வளவு சொற்பமாக இருக்காது. இரண்டாம் சட்டியில் தேடித்தான் பிடிக்க முடிந்தது. மூன்றாம் நாள் சட்டியில் எருமைக் கோடு மட்டும் எழுந்தது. கண்ணாடிக்கு வெளியே நீ எழுந்து நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாய். கமலாக்காவின் பசு உன் பட்டிக்குள் வந்து, இரண்டு நாள் தங்கி, வந்த வழியே வீட்டுக்குப் போனதை நாம் இருவரும் பார்த்தோம். எத்தனை பெரிய அற்புதம். அதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

நடந்ததை ஒன்றுவிடாமல் அறிக்கையில் எழுதினேன். கடைக்காரர் இரண்டு தரம் வாசித்தாராம். பிறகு, தன் மனைவியும் அடுத்த வீட்டில்தான் உறை வாங்குகிறாள் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு இருபது சட்டி கேட்டாராம். நீ உடனே ஓம் சொல்லவில்லை. கதை கட்டியவர்களுக்கும் அந்தக் கடுதாசியை வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு சோதனைக்கு வரும் மாதிரியோடு நிரப்பும் எங்கள் படிவத்தில் ஒரு வரி கூடியது: உறை யாருடையது? புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்று வந்த சட்டியின் படிவத்திலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு நிரப்பினேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது எழுந்து உட்காரவும் உனக்கு ஏலவில்லை. நான் புறப்படும்போது மகளைக் கூப்பிட்டு, எனக்கு உறைக்கு ஒரு கிண்ணம் தயிர் கொடுக்கச் சொன்னாய். அதில்தான் அன்று பால் உறைந்தது. அதிலிருந்து அடுத்த நாள், அதிலிருந்து அடுத்த நாள். இன்றுவரை ஒரு நாள் விட்டதில்லை. எனக்குக் கிடைப்பது கடையில் விற்கும் பசுப்பால்தான்.

போன மாதம் மனம் கேட்காமல் என் வீட்டுத் தயிரையே கொண்டுபோய்ச் சோதித்தேன். பசுக் கோடு மட்டும் எழுந்தது. முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் எருமை எழவில்லை. எழாது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே போயிருக்கும். மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பால் காலையில் உறைந்துதான் கிடக்கிறது, உன் தயிரின் அதே புளிப்போடு.

அந்தச் சோதனைக்கும் முறைப்படி படிவம் நிரப்பினேன். பால், பசு என்று எழுதினேன். கீழே அந்த வரி இருந்தது. உறை யாருடையது?

உன் பெயரை எழுதினேன்.