காது குத்துவதற்கு முன்

அக்கா,

முந்தாநாள் பினாங்கு ஸ்திரீட் நகைக்கடை ஒன்றில், சிவப்புத் தாளில் வைத்து இரண்டு சின்னத் தோடுகளை என் கையில் கொடுத்தார்கள். மிளகு அளவுதான் இருக்கும். என் மகளுக்குப் பிறந்திருக்கும் பையனுக்கு. சம்பந்தியம்மா என் தோளை ஒட்டி நின்று, "நல்லாருக்குலா? தைப்பூசம் முடிஞ்ச கையோட குத்திடலாம்," என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. இதை வேறு யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பிள்ளைக்குக் காது குத்தியபோது ஒன்பது நாள் ரத்தம் கசிந்தது. ஆசாரியின் கைராசி சரியில்லை என்று எல்லோரும் சொன்னோம். இரண்டு வயதில் அவன் மாடிப்படியில் விழுந்தான். நெற்றியில் சின்ன வீக்கம்தான், மறுநாள் அவன் கண் திறக்கவில்லை. அதை விதி என்றோம். அம்மாவின் தம்பி பல் பிடுங்கிக்கொண்டு வந்து ரத்தம் நிற்காமல் செத்துப்போனதை யாரும் இவற்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நீ ஒருத்திதான் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாய். ஆனால் வெளியே சொல்லவில்லை, என் பையனின் காதுகுத்து வரை.

கோயில் மண்டபத்தில் நம் அண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாய். பிள்ளையின் இரண்டு காதையும் உன் கைகளால் பொத்திக்கொண்டாய்.

"குத்தாதீங்க! முதல்ல ரத்தத்த டெஸ்ட் பண்ணணும்."

என் மாமியார் எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துல என்ன பேச்சு இது? பெத்தத பறிகுடுத்தவ கண்ணு சும்மா இருக்குமா?"

அதைக்கூட நீ தாங்கியிருப்பாய். நான் சொன்னதுதான் மோசம். "உனக்கு இல்லன்னா எனக்கும் இருக்கக்கூடாதா அக்கா? இனிமே என் பிள்ளகிட்ட வராத."

நீ பிள்ளையின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய்விட்டாய். நல்ல நேரம் தவறிவிட்டது என்று குருக்கள் சொல்ல, காதுகுத்து தள்ளிப்போனது. அப்படித் தள்ளிப்போனதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மூன்று வாரம் கழித்து, தளர்நடை போட்டுக்கொண்டிருந்த பையன் நடக்க மறுத்து அழுதான். வலது முழங்கால் மாம்பழம் மாதிரி வீங்கிச் சூடாக இருந்தது. முட்டி மோதியதாகக்கூட எனக்கு நினைவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே படியேறினேன். நீ கதவைத் திறந்து முழங்காலைப் பார்த்தாய்.

"ஐஸ் வெச்சியா? உள்ள வா. தேய்க்காத, எண்ணெய் கிண்ணெய் போடாத."

கோயிலில் நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, சாகும்வரையிலும் பேசவில்லை.

பிறகு டாக்டரைத் தேடினோம். ஒரு கிளினிக்கில் வாதம் என்று மருந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார்கள். கப்பல் கம்பெனி ஆபீசில் நீ டைப்பிஸ்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆபீஸ் போனில் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருப்பாய். "பிள்ள போயி நாலு வருஷம் ஆச்சு. இப்ப யாருக்குலா டாக்டர்?" என்று உன் கூட வேலை பார்த்தவள் கேட்டாளாம். "என் தங்கச்சி மகனுக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைச் சுழற்றியிருக்கிறாய். கடைசியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், ரத்த நோய்க்கென்றே படித்த டாக்டர் கோலாலம்பூரில் இருப்பதாகச் சொன்னார். ஃபெரியில் பட்டர்வொர்த் போய் ரயில் ஏறினோம். வழியெல்லாம் பிள்ளையை இருவரும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் தலைக்குப் பின்னால் உன் கை போகும்.

அந்த டாக்டர் பெண். அவர் முதலில் பிள்ளையைத் தொடவில்லை. "உங்கள் தாய்வழியில் ஆண்பிள்ளைகள் யாருக்காவது ரத்தம் நிற்காமல் இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். மாமாவைச் சொன்னாய். பிறகு உன் பிள்ளையை, பெயர், வயது, காது, மாடிப்படி என்று வரிசையாக, ஆபீசில் கடிதம் வாசிப்பவள் போலச் சொன்னாய். அவர் தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டுக்கொண்டே வந்தார். பையனின் ரத்தத்தைச் சோதித்த பிறகு, ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் இவர்களுக்குக் குறைவு, தாய் வழியே வரும், பெரும்பாலும் பையன்களிடம்தான் தெரியும் என்றார்.

"அப்ப நான்தான் அவனுக்குக் குடுத்தேனா?" என்று கேட்டாய்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "உங்களுக்கே தெரியாமல் உங்களுக்கு வந்தது. நீங்கள் தெரிந்து கொடுத்ததில்லை."

ஊர் திரும்பிய மறுநாள் நீ உன் பிள்ளைக்குக் காது குத்திய அந்தப் பழைய ஆசாரியின் கடைக்குப் போனாய். அவர் கைராசிக்குப் பயந்து எத்தனையோ பேர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். "உங்க மேல தப்பில்லண்ணே. எங்க ரத்தத்துலயே அப்படி," என்று, அங்கே நகை பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாய். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

அந்த வெட்கம் என்னை விடவில்லை அக்கா. மகளுக்கும் இது இருக்கலாம், கல்யாணத்துக்கு முன் சோதித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நான் சோதிக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது, தம்பி ஏன் காலைத் தாங்கி நடக்கிறான் என்று சம்பந்தியம்மா கேட்டார். சைக்கிளில் விழுந்தான் என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பொய் வாயில் வந்திருக்காது. மகளும் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே பயம்.

நேற்றுக் காலையில் அவள் போன் செய்தாள். "அம்மா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட இடம் பெரிசா கறுத்துப் போயிருக்கும்மா. தொட்டா கட்டியா இருக்கு. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க, எனக்குப் பயமா இருக்கு."

ஃபெரியில் கடந்து செபராங் ஜெயாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் பொய்யையும் சொன்னேன்.

"நான் வாயத் திறந்து கேட்டேனே. கேட்டப்பகூட சொல்லல நீங்க."

"ஆமாங்க."

"சொல்லியிருந்தா வேணாம்னு போயிருப்பேன்னு நெனச்சீங்களா?"

போயிருப்பாரோ இல்லையோ, எனக்கு இனித் தெரியப்போவதில்லை. கடைசியில், "காது குத்து வேணாம். ரத்தம் எடுக்கட்டும். ஆனா நீங்க கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க," என்றார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை.

புதன்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். இப்போது இங்கேயே அதற்கென்று டாக்டர் இருக்கிறார், நாள் முழுக்க ரயிலில் போக வேண்டியதில்லை. சம்பந்தியம்மா சொன்னதையும் மீறி, ஆஸ்பத்திரிக்கு மட்டுமாவது வாருங்கள் என்கிறாள் மகள். மகளுக்கு வந்திருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்பது கேட்பதற்குத்தான் சுலபம். ஆனால் இந்த டாக்டரும் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை பதிலுக்கு நான் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அம்மாவின் தம்பியைச் சொல்லுவேன். என் மகனைச் சொல்லுவேன். நடுவில் உன் பிள்ளையின் பெயரையும் வயதையும் ஒன்றும் விடாமல் சொல்லுவேன், அக்கா.