மூன்று புள்ளி வைத்த விலாசம்

அத்தை, இன்று பிற்பகல் மோடம் கத்தியதும் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற அந்தச் சத்தம் உங்களுக்கு ஆகவே ஆகாது. "பல்லு கூசுதுடி, அதுக்கு ஒரு வாய்ப்பூட்டு போடு" என்பீர்கள். சத்தம் அடங்கி இணைப்பு கிடைத்தது. ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். நீங்கள் போனதிலிருந்து ஓரிடத்தில் உட்காரும் புத்தி போய்விட்டது. முன்பும் இருந்ததில்லை என்கிறார் அம்மா.

மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தபோதுதான் உங்கள் கீழ்வீட்டில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மாடிவீட்டிலிருந்த நான் அதோடு இலவச இணைப்பு. திருச்சுழி ஆபீஸில் பகலெல்லாம் டைப் அடித்துவிட்டு பஸ்ஸில் கசங்கி வந்து என் பக்கத்தில் உட்காருவீர்கள். நான் அரட்டைத் திரையில் ஊர் பேர் தெரியாதவர்களிடம் சிங்கப்பூர் டாக்டராகவும் சென்னை மாடலாகவும் அளந்துகொண்டிருப்பேன். "நேத்து டாக்டரு, இன்னைக்கு மாடலா? நாளைக்குக் கலெக்டரா வா, எங்க ஆபீஸுல ஒரு கையெழுத்து வேணும்" என்பீர்கள்.

ஒரு நாள் திரையில் நான்கு துண்டு எண்ணும் நடுவில் மூன்று புள்ளியும் காட்டினேன்.

"இது நம்ம ஐ.பி. அத்தை, கம்ப்யூட்டரோட விலாசம். மாமா இதைத் தட்டுனா நேரா நம்ம திரைக்கே வந்து பேசலாம்."

"ஐ.பி.யா? ஊரு பூரா கடன வாங்கிட்டுத் திவாலுன்னு கோர்ட்டுல குடுப்பாகளே, அதா?"

"அது மஞ்சக் காயிதம். இது கலர் மானிட்டர். புள்ளி வச்சாச்சு, கோலம் நீங்க போட்டுக்கங்க."

சிரித்தீர்கள். அன்றைக்கே அந்த எண்ணை மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் கதவு எண்ணுக்கும் பின்கோடுக்கும் நடுவே சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டீர்கள். அரசாங்க ஆபீஸ் பழக்கம். விலாசம் என்று ஒன்று இருந்தால் அது கடிதத்தில் ஏறியாக வேண்டும்.

சில வாரம் கழித்து மாமா போன் செய்தார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"நேத்து நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்த? பாதியில எங்க ஓடிட்ட?"

"நேத்து நான் ஆபீஸுலல்ல இருந்தேன்."

"பரோட்டா சாப்பிட்டேன், சால்னா சுமாருனு அடிச்சியே?"

மைதாவையே தொடாத நீங்கள். நான் தரையில் உருண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப நம்ம நம்பருல உக்காந்திருக்கறது யாரு?" என்றீர்கள்.

அது நம்முடையதே இல்லை என்று விளக்கினேன். மதுரையில் இருக்கும் இன்டர்நெட் கம்பெனியிடம் கொஞ்சம் எண்கள்தான் உண்டு, வீடுகளோ அதிகம். யார் டயல் செய்கிறார்களோ அவர்களுக்குச் சும்மா இருக்கும் ஒன்றைக் கொடுக்கும். நாம் இணைப்பைத் துண்டித்ததும் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். மறுபடி டயல் செய்தால் நமக்கு வேறொன்று.

"பஸ்ஸு சீட்டுனு சொல்லு. நான் எந்திரிச்சா அடுத்தவுக."

"அதேதான். துண்டு போட்டும் பிடிக்க முடியாது."

அந்த வாரம்தான் மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் வயிற்றில் கட்டி என்றும் தாமதிக்காமல் அறுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். கத்தி வைக்கும்போது மாமா பக்கத்தில் இருக்க வேண்டும், அதை நீங்களே அவரிடம் சொல்ல வேண்டும் என்றீர்கள். போனில் சொல்லலாமே என்றார் அம்மா. "அவுக வேல பாக்குற பட்டறையில போனைச் சுத்தி ஆளுக பூரா நிக்கிறாக. அழக்கூட எடம் இருக்காது. கம்ப்யூட்டருன்னா ஆபீஸு ரூமுல அவுக ஒருத்தர்தான்." பட்டறையின் ஈமெயிலையும் முதலாளிதான் திறப்பார்.

ஆக, புது எண்ணை உடனே மாமாவிடம் சேர்க்க வேண்டும். இருப்பதோ ஒரே போன் லைன். எண்ணைச் சொல்ல இணைப்பைத் துண்டித்தால் எண்ணே போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை இணைப்பைப் போட்டு, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"வீட்டுலதான் போனு இருக்கே பாப்பா?" என்றார் பூத்து அண்ணன்.

"அது கம்ப்யூட்டரோட பேசிக்கிட்டு இருக்குண்ணே. நடுவுல பேசுனா கோவிச்சுக்கும்."

மாமாவிடம் சொல்லிமுடிக்கும் முன்பே நீங்கள் ஜன்னலில் நின்று கையை ஆட்டினீர்கள். லைன் அறுந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி மறுபடி டயல் செய்து, புது எண்ணை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினீர்கள். நான் பூத்துக்குள் திருப்பிக் கத்தினேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அக்கா நின்று, "எந்த லாட்டரிடி, எம்புட்டு விழுந்துச்சு?" என்றார். "குவைத் பம்பர்க்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

திரையில் 'நான்தான்' என்று வந்திருந்தது.

ஆபீஸில் விரல் தெரியாத வேகத்தில் அடிப்பவர் நீங்கள். அன்று கை எழவில்லை. "இவுகதான்னு எப்படித் தெரியும்? பரோட்டாக்காரனா இருந்தா?" என்றீர்கள். ஒரு கேள்வி அடித்தீர்கள்: 'நம்ம கல்யாணத்துல கோயில்ல என்ன நடந்துச்சு?'

பதில் வரும்வரை திரையில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தீர்கள். பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது.

'மோதிரத்த நழுவ விட்டேன்.'

'பெஞ்சுக்கடியில உருண்டுச்சு.'

'நீ முக்காட்டோட மண்டி போட்டு எடுத்த. பாதர் சிரிச்சாரு.'

நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அடித்தீர்கள்: 'வயித்துல கட்டி. அறுக்கணும். வாங்க.'

மாமா வந்தார். கத்தி வைத்த அன்றும் இருந்தார். அப்புறம் கிடைத்த கொஞ்ச மாதமும் உங்கள் கட்டிலைவிட்டு நகரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. இப்போது கீழ்வீட்டில் அவரும் இந்தக் கம்ப்யூட்டரும்தான்.

அடுத்த வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்கிறார்கள். நிற்கட்டும். இன்றைக்கும் எனக்கு ஒரு எண் கொடுத்தார்கள். கொஞ்சம் முன்புவரை அதில் யார் இருந்தார்களோ, என்ன சொல்ல முடியாமல் எழுந்து போனார்களோ என்று மனம் அலைகிறது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து 'யாரு?' என்று கேட்டார். டாக்டர் வந்தார், மாடல் வந்தார், கலெக்டரும் வந்து விரல்நுனியில் நின்றார். ஒருத்தரையும் அடிக்க முடியவில்லை, அத்தை. என் சொந்தப் பெயரை அடித்தேன். 'நிசமாவா?' என்றார். 'நிசமாத்தான்' என்று அடித்துவிட்டு, உட்கார முடியாமல் மறுபடி வாசலுக்குப் போனேன்.