ஏழு படியும் ஒரு நிலைப்படியும்

21 செப்டம்பர் 1981, திங்கள்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மேலிடத்துக்கு எழுதப்போகிறேன். பெயர் போட்டு, பி.ஏ. போட்டு, தலைமை வரைவாளர் என்று பதவியும் போட்டு.

ஊனமுற்றோர் ஆண்டு என்பதால் எங்கள் தல்லாகுளம் அலுவலக வாசலில் ஒரு சாய்தளம் கட்டி, இன்று ரிப்பன் வெட்டினார்கள். வாசலில் ஏழு படி, மூன்றரை அடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி வீதம் சரிவு நாற்பத்திரண்டு அடி நீளம் வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன். உதவிப் பொறியாளர் மொக்கைச்சாமி பத்தடியில் முடித்துவிட்டார். "அம்புட்டு தூரத்துக்கு எங்க அண்ணே போக? வேப்பமரத்த வெட்டவா?" வரைபலகையில் டி-ஸ்கொயரை எந்தக் கையில் பிடிப்பது என்று நான் சொல்லிக் கொடுத்த பையன். இன்று என் மேலதிகாரி. அவர் மகள் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததையும் நான் மறக்கவில்லை.

புது டைப்பிஸ்ட் செல்லக்கிளி இன்று வேலையில் சேர வந்தாள். உசிலம்பட்டிப் பெண். போலியோ, இரண்டு காலும் வராது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி. பாதிச் சரிவு ஏறியதும் வண்டி அப்படியே பின்னால் உருண்டு வந்து விழாப் பந்தலின் முதல் நாற்காலியில் மோதி நின்றது. மொக்கைச்சாமி அப்போதுதான் எழுந்திருந்தார். நல்லவேளை. (நல்லவேளை என்று ஏன் எழுதினேன்?)

"எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி எறைக்கிற கமலை மாடு எறங்குற பள்ளங்கூட இம்புட்டுச் சரிவு இல்ல சார்" என்றாள் அவள், நாற்காலியை நிமிர்த்திக்கொண்டே.

பியூன் முத்திருளனும் இன்னொருவரும் மேலே தள்ளிவிட்டார்கள். அங்கே வாசலில் ஆறு அங்குலக் கல் நிலைப்படி. முன்சக்கரம் முட்டி நின்றது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "இன்னைக்குத் தூக்குவீக. தெனம் தூக்குவீகளா? நான் டைப் அடிக்க வந்தேன், சப்பரத்துல பவனி வர வரல" என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

சேரும் பதிவேட்டில் அதிகாரியின் மேசையில், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அக்டோபர் 9-க்குள் இடாவிட்டால் நியமனம் ரத்து.

22 செப்டம்பர்

சாய்தளத்தின் முதல் பயனாளி: மொக்கைச்சாமியின் ஸ்கூட்டர். வெயில் படாமல் வராந்தாவில் நிற்கிறது.

25 செப்டம்பர், வெள்ளி

இரண்டாம் பயனாளி: கேண்டீன் முனியாயி காயப்போட்ட மோர்மிளகாய். தெற்கு வெயில் நன்றாக விழுகிறதாம்.

நிலைப்படியைப் பெயர்க்கக் கொத்தனாரை அழைத்தேன். வந்தவர் கல்லில் வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமத்தைப் பார்த்ததும் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நெலப்படியில கை வச்சா என் குடும்பத்துக்கு ஆகாது சாமி." மொக்கைச்சாமிக்கு வேறு கவலை. "எனக்கு டிபார்ட்மென்ட் பரீட்சை ரிசல்ட் வரணும் அண்ணே. இப்பப் போயி வாசக்கால்ல கை வைக்கவா?"

செல்லக்கிளி தினமும் வருகிறாள். செல்லூரில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாளாம். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஐந்து மணி வரை இருந்துவிட்டுப் போகிறாள். வரவில்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாதாம். இன்று என்னிடம் கேட்டாள்: "யாரு சார் இந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்டது? மனுசன் உள்ள வரக் கூடாதுன்னே போட்டாப்ல இருக்கு."

ஏழு படி நான் போட்டது. 1963. அரசு அலுவலகம் என்றால் கம்பீரம் வேண்டாமா? ஆனால் நிலைப்படி நான் போட்டதல்ல. இடையில் எவனோ செருகியிருக்கிறான். யார் என்றும் எனக்குத் தெரியும். அப்போது இங்கே பயிற்சிக்கு இருந்தவர் யார்?

"விசாரிக்கிறேன்" என்றேன்.

30 செப்டம்பர்

மனுவின் நான்காம் பத்தி வந்துவிட்டது. மொக்கைச்சாமியின் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. என் மனைவி பாண்டியம்மாள் காப்பியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இது எத்தனாவது மனு?" பன்னிரண்டாவது என்றேன். "அந்தப் புள்ள பேரு எத்தன எடத்துல வருது?" எண்ணிப் பார்த்தேன். ஓரிடத்தில்.

இவளுக்கு நிர்வாகம் தெரியாது.

3 அக்டோபர், சனி

ஆதாரத்துக்காகப் பழைய வரைபடத்தைத் தேடி ஆவண அறைக்குப் போனேன். கிடைத்தது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. தின்றதுதான் தின்றது, அந்த மூலையைத் தின்றிருக்கக் கூடாதா?

வாசல் வெட்டுத்தோற்றம். ஓரத்தில் குறிப்பு: "நிலைப்படி ஆறு அங்குலம். ஆடுகளும் தூசியும் உள்ளே வராமலிருக்க." அடியில் கையெழுத்து. என்னுடையது. அந்தக் காலத்திலேயே பி.ஏ. போட்டிருக்கிறேன்.

மொக்கைச்சாமி பின்னால் நின்றது தெரியாது. "நாந்தான் அன்னைக்கே கேட்டேனே அண்ணே, இந்தக் கல்லு எதுக்குன்னு. முந்தாநாளு வந்த பய நீ, ஒனக்கென்ன தெரியும்னு வெரட்டி விட்டீக."

சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். என் குரல்தான் அது.

4 அக்டோபர்

எழுத ஒன்றுமில்லை.

6 அக்டோபர், செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வருஷா வருஷம் போல இன்று அலுவலகம் முழுக்க வெளியே வந்துவிட்டது. கழுவுவதற்காக மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் வேப்பமரத்தடியில். டைப்ரைட்டருக்கும் பதிவேடுகளுக்கும் சந்தனப் பொட்டு. நடுவில், தன் மேசையைக் கழுவுவதை மேற்பார்வை செய்துகொண்டு, தன் நாற்காலியிலேயே மொக்கைச்சாமி.

எனக்கு எப்படித் தோன்றியதோ. சேரும் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். செல்லக்கிளியை வண்டியோடு கூப்பிட்டேன்.

"என்னண்ணே இது?"

"அதிகாரியின் மேசை. அதிகாரி முன்னிலை. விதியில் கூரை என்று எங்கேயும் இல்லை."

மொக்கைச்சாமி என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். மேசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தொடச்சிட்டுப் போடு தாயி, மை ஊறிரும்" என்றார்.

பொட்டு வைத்த மெஷினிலேயே தன் பணியேற்பு அறிக்கையை அடித்தாள். பிழையே இல்லை. முத்திருளன் முதல் பொரிகடலைப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார்.

9 அக்டோபர், வெள்ளி

மேசைகள் உள்ளே போய்விட்டன. டைப்பிஸ்ட் மட்டும் மரத்தடியில்.

13 அக்டோபர்

மழை. அவள் டைப் அடிக்க, முத்திருளன் குடை பிடிக்க, நான் காகிதங்களுக்குக் குடை பிடித்தேன். தலைமை வரைவாளர்.

15 அக்டோபர், வியாழன்

டைப்பிஸ்ட் அலுவலகத்துக்குள் பணிபுரிகிறாரா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் போக வேண்டும். இல்லை என்று போனால் அவள் உசிலம்பட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மொக்கைச்சாமி என் வரைபலகையருகே வந்து, குரலைத் தாழ்த்தினார். "நானாக் கேட்டா புதுசா ஒரு சாய்தளத்துக்கு எவன் சாங்ஷன் குடுப்பான்? ரிப்பன் வெட்டி ஒரு மாசங்கூட ஆகல. வெளியில இருந்து ஒரு புகார் வந்தா, மூணே நாள்ல பதில் கேப்பாய்ங்க, நானும் எஸ்டிமேட்டை அனுப்பிருவேன். உங்க பேரு இருந்தா மட்டும், பழைய பதினொன்னோட சேத்துக் கட்டிருவாய்ங்க."

"மொட்டைக் கடுதாசி போடச் சொல்கிறீர்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. அளவ மட்டும் சரியாப் போட்டுருங்க."

16 அக்டோபர், வெள்ளி

பழைய மனுவைக் கிழித்துவிட்டேன். புதியது ஒரே பக்கம். சாய்தளம் நாற்பத்திரண்டு அடி, வேப்பமரத்தைச் சுற்றி ஒரு திருப்பம், திருப்பத்தில் வண்டி நின்று மூச்சு வாங்க ஐந்தடிச் சமதளம். நிலைப்படி முற்றிலும் நீக்கப்பட வேண்டும். மஞ்சள் குங்குமத்தைச் சாய்தளத்தின் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். கட்டடத்தை வரைந்தவர் ஆடுகளை மட்டுமே மனதில் வைத்திருக்கிறார். இந்தக் கடைசி வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினேன்.

டைப் அடித்துத் தருகிறேன் என்றாள் செல்லக்கிளி. வேண்டாம் என்றேன். அந்த மெஷினில் இன்னும் சந்தனம் போகவில்லை; 'ழ' மட்டும் மங்கலாக விழும், யார் அடித்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கையால்தான் எழுதினேன். வரைவாளன் எழுத்து, இந்த ஜில்லாவில் இதை அறியாத பொறியாளர் கிடையாது. வேறு மாதிரிக் கோணலாக எழுத முயன்றேன். கை வரவில்லை.

முதல் பிரதியின் அடியில் பழக்க தோஷத்தில் என் கையெழுத்தை "மலை" வரை போட்டுவிட்டேன். மறுபடி முழுவதையும் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாம் பிரதியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பாண்டியம்மாள் வாங்கிப் படித்தாள். "அந்தப் புள்ள பேரு இருக்கு. ஒங்க பேரு எங்க?" என்றாள்.

தேவையில்லை என்றேன். நாளை காலை பஸ் ஏறும்போது பெட்டியில் போட்டுவிடுவேன்.